தோல் பதனிடலும் நீர்த் தூய்மையும்

தமிழகத்தின் பாலாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோற்றொழிலாற் பெயர்பெற்றவை. அத்தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறளித்தது; அதன் கழிவோ கிணற்று நீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. மாசுபடுத்தியோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. ஆயினும், கெட்ட நீரைத் திருத்துவதினும் கெடாது காத்தலே எளிது. அதற்குரிய வழிகள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

பச்சைத்தோல் அழுகாவண்ணம் உப்பிடப்படுகின்றது. தோலை ஊறவைக்குங்கால் அவ்வுப்பு நீரிற் கரைந்துவிடும். கரைந்த உப்பை நுண்ணுயிர்கள் சிதைக்கமாட்டா. சாதாரண வடிகட்டலும் அதனை நீக்காது. ஆதலின், ஊறவைக்குமுன் தோலை நன்கு உதறி, ஒட்டாத உப்பை அகற்றுதல் முதற்கடன். இயலுமிடத்துக் குளிரூட்டிக் காத்தல் அதனினும் நன்று.

அடுத்தது மயிர் நீக்கல். சுண்ணாம்பும் சோடியஞ் சல்பைட்டும் மயிரைக் கரைக்கின்றன. அக்கரைசல் நீரிலுள்ள ஒட்சிசனைப் பெரிதும் கவர்ந்துகொள்ளும். சல்பைட்டு அமிலத்தோடு கூடின் உயிர்கொல்லும் ஐதரசன் சல்பைட்டு வாயு எழும். எனவே, சுண்ணாம்புக் கழிவையும் அமிலக் கழிவையும் வெவ்வேறு வாய்க்கால்களில் விடுதல் இன்றியமையாதது. நொதியங்களைக்கொண்டு மயிரைக் கரைக்காது கழற்றி, வடித்தெடுப்பின் சல்பைட்டின் தேவையுங் குறையும். கழிவின் சுமையுங் குறையும்.

மூன்றாவது குரோமியம். வழக்கமான முறையில், இடப்படும் குரோமிய உப்பில் ஏறத்தாழ 60 முதல் 70 வீதமே தோலிற் பற்றும். எஞ்சியது கழிவோடு செல்லும். அக்கழிவைத் தனியே சேர்த்து மகனீசியமொட்சைட்டை இட்டால், குரோமியமைதரொட்சைட்டு வீழ்படிவாகத் தங்கும். அதனைக் கந்தகவமிலத்திற் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். கல்லூரி ஆய்கூடத்திலே சோதனைக்குழாயில் வீழ்படிவைக் கண்ட மாணவர் எவர்க்கும் இம்முறை எளிதில் விளங்கும். ஆறு தப்பும், பொருட்செலவும் மிஞ்சும்.

குரோமியத்தை விடுத்து, ஆவாரம்பட்டை போன்றவற்றால் முன்னோர் பதனிட்ட முறைக்கே மீளலாமே என்பார் உளர். பட்டைச்சாற்றின் தனின்கள் நீரைக் கருமையாக்குவன, மெல்லவே சிதைவன. இயற்கைப் பொருளென்பதனாற் குற்றமற்றதென்று கொள்ளற்க.

இவை யாவற்றிலும் விளங்கும் விதி ஒன்றே: வேண்டியதினும் மிகையாக இடாதே, இட்டதை இயன்றவரை மீட்டெடு, வெவ்வேறான கழிவுகளைக் கலவாதே. கலந்தபின் பிரித்தல் அரிது. கலக்குமுன் காத்தல் எவர்க்கும் இயல்வதே.