எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு இடைவெளியில்லாத சிகிச்சை: புதிய சுகாதாரப் பணியாளருக்கு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அன்று தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்க வழியில்லை. இன்று அதற்கான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று பரவக்கூடும்; முறையான சிகிச்சை இருந்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் கிராம சுகாதார செவிலியர், நம்பிக்கை மைய ஆலோசகர், ஏ.ஆர்.டி. மையம், பிரசவ வார்டு என்று ஒரு தாய் பலர் பொறுப்பில் மாறி மாறி வருகிறார். ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குப் போகும் இடத்தில்தான் சிகிச்சை அறுந்துபோகிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

படி 1: பதிவோடு பரிசோதனை

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளை விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றுச் செய்யுங்கள். விரல் நுனி ரத்தத்தில் தொற்று இருப்பதுபோலத் தெரிந்தால் அது முடிவல்ல. நம்பிக்கை மையத்தில்தான் உறுதியாகும். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல் ஆலோசகரிடம் போனில் பேசுங்கள். கர்ப்பிணி அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று அன்று மாலையே கேளுங்கள்.

படி 2: ரகசியம் காத்தல்

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, சிகிச்சைக்குத் தேவையான மருத்துவப் பணியாளரிடம் மட்டுமே தகவலைப் பகிரலாம். மாமியாரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்ல நமக்கு உரிமையில்லை. கணவரிடம் சொல்வதை மருத்துவரும் ஆலோசகரும் முடிவு செய்வார்கள்; அதனால் அந்தப் பெண் அடிபடவோ கைவிடப்படவோ கூடுமென்றால் சொல்லக் கூடாது. கேஸ் ஷீட்டின் மேலட்டையிலோ கட்டிலிலோ எந்த அடையாளமும் வேண்டாம்.

படி 3: உடனே மருந்து

சிடி4 முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும், வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பார், யார் கண்ணில் படும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். மருந்து விடுபடுவதற்கு மறதியைவிடப் பயமே பெரிய காரணமாக இருக்கும்.

படி 4: வளைகாப்புக்கு முன்பே திட்டம்

நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டிய கட்டம் இது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீடு போகிறார். சிதம்பரத்தில் பதிவு செய்தவர் பண்ருட்டியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ பிரசவிக்கலாம். வைரஸ் அளவுப் பரிசோதனை செய்ய வேண்டிய 32 முதல் 36 வாரமும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஐந்தாம் மாதத்திலேயே “பிரசவம் எந்த ஊரிலம்மா?” என்று கேளுங்கள். அவர் சம்மதத்துடன் அந்த ஊர் செவிலியரிடம் நேரடியாகப் பேசி ஒப்படையுங்கள். பரிசோதனை எங்கே, எந்தத் தேதியில் என்பதை அவர் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

படி 5: மழைக்கு முன் மாத்திரை

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம் என்று கடலூர் கண்ட பேரிடர்கள் பல. அக்டோபர் பிறந்ததும், ஐப்பசி, கார்த்திகையில் பிரசவ நாள் உள்ளவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் மாத்திரைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். தண்ணீர் சூழும் ஊர்களில் இருப்பவரை முன்கூட்டியே மருத்துவமனையில் சேருங்கள்.

படி 6: பிரசவ அறை

எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. குழந்தை பிறந்ததும் தாமதமின்றித் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும்; வழக்கமாக ஆறு வாரம். தாயின் வைரஸ் அளவு 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரண்டு மருந்துகள், 12 வாரம். அதனால் பரிசோதனை முடிவு பிரசவ வலி வருமுன் வார்டுக்குப் போயாக வேண்டும்.

படி 7: பதினெட்டு மாதம் வரை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இடையில் வேறு பால் கலக்க வேண்டாம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே குழந்தைக்கு உலர் ரத்தப் பரிசோதனையும் நடக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறகு 6, 12 மாதங்களில் பரிசோதனை. 18-ஆம் மாதம் இறுதிப் பரிசோதனை. அப்போதும் தாய்ப்பால் தொடர்ந்தால், நிறுத்தி மூன்று மாதம் கழித்து.

சந்தேகம் எழுந்தால் கட்டணமில்லா 1097 எண்ணை அழையுங்கள். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அடுத்தவர் பெயரைத் தெரிந்துகொண்டு, அவரிடம் பேசி, தாய் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகே உங்கள் பொறுப்பு முடிகிறது.