அரங்கில் இல்லாதவரின் காதுக்கு

புதுச்சேரியில் அரங்கேற்றம், ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று வீடியோ எடுக்கப் போகிறவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக் செட்காரரின் மிக்சரில் மெயின் அவுட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கேமராவில் சொருகிவிட்டால் ஆடியோ வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். பட்டிமன்றத்துக்கு அது போதும். கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் போதாது.

ஸ்பீக்கரில் வருவது, கூடத்தில் தானாகக் கேட்காதது மட்டும்தான். சின்னக் கூடத்தில் தவிலுக்கு மைக்கே வேண்டாம், சுவரே அதிரும். அதனால் வயலின் ஃபேடர் மேலே நிற்கும், தவில் ஃபேடர் அடியில் கிடக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் சரியாகச் சேர்ந்துவிடும். மெயினிலிருந்து எடுத்த வீடியோவிலோ தவில்காரர் சும்மா கையை ஆட்டிக்கொண்டிருப்பார். பரதநாட்டியத்தில் இன்னும் மோசம். சலங்கைக்கு யாரும் மைக் வைப்பதில்லை. முதல் வரிசைக்கு அது கேட்கும், வீடியோவில் ஆடுகிறவர் காலில் சலங்கை இருப்பதே தெரியாது. மேடை விளிம்பில் தரையோடு ஒட்டி இரண்டு மைக் வைத்து, அவற்றை வீடியோ மிக்ஸுக்கு மட்டும் அனுப்புவேன். ஸ்பீக்கருக்கு அனுப்பினால் கூவும்.

ஆகவே நான் கேட்பது ஆக்ஸ், அதாவது மெயினைத் தொடாமல் தனி மிக்ஸ் அனுப்பும் வெளிவழி.

“அண்ணே, மெயின் வேணாம். சும்மா கெடக்குற ஆக்ஸ் ஒண்ணு குடுங்க.”

“எதுக்குத் தம்பி? மெயின்லயே எல்லாம் வருதே?”

இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்ப விளக்கம் சொல்லி வென்றவரை நான் பார்த்ததில்லை. சவுண்ட் செக் நேரத்தில் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மெயினையும் ஆக்ஸையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தால் போதும். அதற்கு அவருக்கு முன்பாகவே அரங்குக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்ஸ் கிடைத்தால் அது ப்ரீ-ஃபேடரா போஸ்ட்-ஃபேடரா என்று பார்த்துவிடுங்கள். கூடத்துக்காக அவர் ஃபேடரை ஏற்றி இறக்கினால் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் அசையாது, நமக்கு வேண்டியது அதுதான். தொகுப்பாளர் மைக்கை மட்டும் போஸ்டில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃபேடரை இறக்கிய பிறகும் அவர் யாரிடமோ காபி கேட்பது வீடியோவில் பதியும்.

டிஜிட்டல் மிக்சர் என்றால் இதைவிட நல்ல வழி உண்டு. எக்ஸ்32 மாதிரியான மிக்சரில் 32 சேனல். கச்சேரிக்குப் பெரும்பாலும் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். அதே மைக்குகளை 17-ஆம் சேனலிலிருந்து மறுபடி பேட்ச் செய்தால் வீடியோவுக்கென்று தனி ஈக்யூ, தனி லெவல். இதன் அருமை பாடகர் குரலில் தெரியும். கூவாமல் இருக்க மைக் செட்காரர் அந்தக் குரலின் ஈக்யூவில் அங்கங்கே வெட்டியிருப்பார். அரங்குக்கு அது நியாயம், பதிவிலோ குரல் போர்வைக்குள்ளிருந்து வரும். இரட்டைச் சேனலில் அந்த வெட்டு இருக்காது. கெயின் மட்டும் இரண்டுக்கும் பொது என்பதால், சவுண்ட் செக்குக்குப் பிறகு அதைத் தொடாமல் இருக்கச் சொல்லிவைக்க வேண்டும். நம்மூரில் தாராளமாக ஊற்றும் எக்கோவும் இந்த மிக்ஸில் வேண்டாம். தேவையானால் எடிட்டிங்கில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், பதிந்துபோன எக்கோவைச் சுத்தமாக எடுக்க முடியாது.

ஒயரைச் சொருகும் முன் லெவல் பாருங்கள். மிக்சர் கொடுப்பது லைன் லெவல். கேமரா மைக் லெவலை எதிர்பார்த்தால் ஒலி உள்ளே நுழையும்போதே உடைந்துவிடும், பிறகு கேமராவில் குறைத்துப் பயனில்லை. கேமராவில் 48 வோல்ட் பான்டம் அணைந்திருக்கட்டும். உம்மென்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் போடுங்கள். ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடட்டும், உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் தனி ஆவர்த்தனத்தின் முத்தாய்ப்புக்கும் இடம் மிஞ்சும்.

கூடத்தை விட்டு வெளியே வந்தால், கடற்கரைச் சாலை வேறு உலகம். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ‘ஃபெத் தெ லா மியூசிக்’ இசை விழா ஜூன் 21-ஐ ஒட்டி நம்மூரிலும் நடக்கிறது, அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்துகிறது. இப்படித் திறந்தவெளியில் மிக்சரிலிருந்து வரும் ஒலியை மட்டும் வைத்தால், பூட்டிய அறைக்குள் பாடியதுபோல் இருக்கும். மேடை விளிம்பில், ஸ்பீக்கர்களின் வரிசைக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இரண்டு மைக் வையுங்கள். ஸ்பீக்கர் குறைவாகவும் ஜனங்கள் அதிகமாகவும் விழுவார்கள். கடல் காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, முடி வைத்த உறைதான் தாங்கும். அதோடு 100 ஹெர்ட்ஸில் லோ கட்.

கூட்டத்தின் ஒலியைக் கேமரா மைக்கிலிருந்தே எடுப்பதானால் தூரத்தைக் கணக்கில் வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கேமரா 30 மீட்டர் தள்ளி நின்றால் கேமரா மைக்குக்கு ஒலி வந்துசேர ஏறக்குறைய 85 மில்லி நொடி, அதாவது 25 ஃபிரேம் வீடியோவில் இரண்டு ஃபிரேம். மிக்சர் ஒலியோடு அப்படியே கலந்தால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். எடிட்டிங்கில் கேமரா ஒலியை முன்னால் நகர்த்துங்கள். முழுக்க ஒட்டவைக்க வேண்டாம், 20 மில்லி நொடி விட்டால் கூடத்தில் உட்கார்ந்த உணர்வு தங்கும்.

நேரலையில் தொல்லை தலைகீழ். படம் ஸ்விட்சரைச் சுற்றிச் சில ஃபிரேம் தாமதமாக வரும், ஒலி நேராகப் போய்விடும். ஜதி முந்திக்கொள்ளும், கால் பிந்தும். கேமரா முன்னால் ஒருவரைக் கைதட்டவிட்டு, தட்டுவதும் ஒலியும் சேரும்வரை ஆடியோவுக்கு டிலே கொடுங்கள். மிக்ஸ் பண்ணுகிறவர் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரக் கூடாது. எவ்வளவு நல்ல ஹெட்போனானாலும் கூடத்தின் பேஸ் உள்ளே கசிந்து ஏமாற்றும். ஒப்பனை அறை கிடைத்தால் அங்கே போய்விடுவேன்.

கடைசியாக ஒரு முறை செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத்தான் வீடியோவைக் கொடுப்பேன். நம்மூர் அரங்கேற்றத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் பிரான்சில் இருக்கும் சித்தப்பாவும் அத்தையும், பார்ப்பது செல்போனில். அதில் மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கீழ் ஒலி வராது, பேஸை ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். நடு அலைவரிசையைச் சற்றுத் தூக்கினால் அடி தெரியும். மொத்தச் சத்தம் -14 எல்யூஎஃப்எஸ் பக்கம் இருந்தால் சரி. அதற்கு மேல் நசுக்கி உரக்க வைத்தாலும் யூடியூப் இறக்கிவிடும், நசுங்கிய தாளம் மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.