உள்ளூர் ஓட்டல் இலையும் நம் கடைப் பேரேடும்

ஆவுடையார்கோவிலில் ஆத்மநாத சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். அப்பேர்ப்பட்ட ஊரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாம், மதியச் சாப்பாட்டுக்கு உள்ளூர் ஓட்டலில்தான் அமர்கிறோம். இலையில் விழும் அரிசியும் பருப்பும் பெரும்பாலும் நம் குடோனிலிருந்து போனவை. அவருக்கு நாம் வாடிக்கைக்காரர். நமக்கு அவர் வாடிக்கைக்காரர். இந்த உறவில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. பில்லைப் படியுங்கள்

15-11-2017 முதல், பெரிய நட்சத்திர விடுதிகள் நீங்கலாக, ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 100 ரூபாய் சாப்பாட்டுக்கு மத்திய வரி 2.50, மாநில வரி 2.50, ஆக 105 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்து காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தவர், இந்த 5 சதவீதத்தைத் தன் கையிலிருந்தே கட்ட வேண்டும். பில்லில் தனியாகப் போட்டு வசூலிக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிம எண் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி முதல் அது கட்டாயம்.

2. நாம் போடும் வரி அவருக்குச் செலவு

மளிகைக் கடைக்காரர் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீதம் கட்டும் ஓட்டல்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. வணிக உபயோக கேஸ் சிலிண்டருக்கு வரி 18 சதவீதம். 2,000 ரூபாய் விலையென்றால் 360 ரூபாய் வரி முழுவதும் அவர் தலையில்தான். 18-7-2022 முதல் 25 கிலோ வரை பெயரச்சிட்டுக் கட்டிய அரிசி மூட்டைக்கும் 5 சதவீதம் உண்டு. கிலோ 50 ரூபாய் அரிசியில் மூட்டைக்கு 62.50 ரூபாய். ஆகவே ஓட்டலுக்கு விலை சொல்லும்போது வரி சேர்த்த விலையைச் சொல்லுங்கள். பில் போட்ட பிறகு வரும் மனஸ்தாபம் குறையும்.

3. ரொக்க வியாபாரத்துக்கு மாதக் கடன் வேண்டாம்

இதுவே முக்கியம். ஓட்டலில் விற்பனை ரொக்கம். அன்றைய சரக்கு அன்றே தீர்கிறது. ஆனால் நாம் மாதக் கடன் கொடுக்கிறோம். கல்லாவில் கிடக்கும் நம் பணம் அவர் கண்ணுக்கு லாபமாகத் தெரிகிறது. வீட்டுச் செலவுக்கும் சீட்டுக்கும் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 3,000 ரூபாய் சரக்கு என்றால் மாத நிலுவை 90,000. எல்லாம் போக தினம் 600 ரூபாய் மிஞ்சும் கடை, கையிருப்பு கரைந்தபின் லாபத்திலிருந்தே இதை அடைக்க 150 நாள் ஆகும். வாரக் கணக்கென்றால் நிலுவை 21,000; 35 நாளில் மீளலாம். முன்னது கடையை மூட வைக்கும். பின்னது பிழைக்க வைக்கும்.

ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் கூட்டம் பெருகும். கூடுதல் சரக்கும் தேவைப்படும். அப்போது மறுக்காமல் கொடுங்கள். ஆனால் அதைத் தனிக் கணக்காக எழுதி, திருவிழா முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். நம் பாக்கிக்காகச் சாப்பாட்டுக் காசைக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் வேண்டாம். இலை முன் உட்கார்ந்தால் ரொக்கம் கொடுத்துவிட்டு எழுவோம்.

ஓட்டல் ஒன்று மூடினால் நமக்குப் போவது பாக்கி மட்டுமல்ல, ஒரு நல்ல கொள்முதல்காரரும்தான். உறுப்பினர்கள் இதைத் தங்கள் கணக்குப்பிள்ளைக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.