விடுபட்ட வீடு

உரைநடைப் பாடம்

நுழையும் முன்

ஓர் ஊரில் நூறு வீடுகள் உள்ளன. அவற்றுள் தொண்ணூற்றொன்பது வீடுகளுக்கு உதவி சென்று சேர்ந்துவிட்டது. பணி முடிந்துவிட்டதாகக் கொள்ளலாமா? எஞ்சிய ஒரு வீட்டின் கதவைத் தட்ட மீண்டும் புறப்படுபவரே உண்மைத் தொண்டர். இந்தியா இளம்பிள்ளை வாத நோயை வென்ற வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

சுவரில் எழுதிய எழுத்து

இந்திய நகரங்களிலும் சிற்றூர்களிலும் வீட்டு வாசலை ஒட்டிய சுவரில், சுண்ணக்கட்டியால் எழுதிய குறிப்பு ஒன்றைப் பலர் கண்டிருப்பர். சில எண்கள், ஒரு தேதி, அவற்றின் அருகே ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்து 'பி' ஆயின், அவ்வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்பட்டுவிட்டது என்பது பொருள். பெருக்கல் குறி போன்ற 'எக்ஸ்' ஆயின், ஒரு குழந்தையேனும் விடுபட்டுள்ளது என்பது பொருள். 'எக்ஸ்' எழுதிய வீட்டிற்குப் பணியாளர் மீண்டும் வருவர்.

ஒரு குழந்தைக்காக இத்துணை முயற்சி எதற்கு? இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் நுண்ணுயிரி, மாசடைந்த நீர், உணவு, தூய்மையற்ற கைகள் ஆகியவற்றின் வழியாகப் பரவுகிறது. அது உடலுக்குள் புகுந்தாலும் பெரும்பாலோரிடம் நோயின் அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே கை கால்கள் செயலிழக்கின்றன. ஆகவே, ஒரு குழந்தையின் கால் தளர்ந்துவிட்டது என்று அறியும்போது, அந்நுண்ணுயிரி பலரிடம் பரவி முடிந்திருக்கும். வந்த நோயைப் போக்க மருந்து இல்லை. வருமுன் காத்தல் ஒன்றே வழி. விடுபட்ட ஒரு வீடு ஊர் முழுவதற்கும் ஆபத்தாக முடியலாம்.

சக்கரம் சுழன்ற கதை

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் கூடிப் பேசினார். பெருநகரில் தனித்து வாழ்வோர் நட்புடன் கூடுவதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்பது அவர் விருப்பம். உறுப்பினர்கள் தத்தம் அலுவலகங்களில் முறைவைத்து, மாறி மாறிக் கூடினர். அவ்வாறு சுழன்று கூடியமையால் அச்சங்கம் 'ரோட்டரி' எனப் பெயர் பெற்றது. சக்கரம் அதன் சின்னமாயிற்று.

நட்புக்காகக் கூடியோர் விரைவிலேயே ஊரின் தேவைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினர். நகரின் நடுவே மக்கள் பயன்படுத்தப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்பதே அச்சங்கம் மேற்கொண்ட முதல் பொதுப்பணி. பெருமை பேசுதற்கு உரியதாகத் தோன்றாத பணிதான். ஆயினும் நாள்தோறும் பலருக்குத் தேவையான பணி.

1979ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பு மருந்து வழங்கும் பொறுப்பை ரோட்டரி ஏற்றது. அதில் கிடைத்த பட்டறிவைக் கொண்டு, 1985ஆம் ஆண்டு உலகம் முழுவதும் இந்நோயை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. 1988ஆம் ஆண்டு உலக நல நிறுவனமும் அதே குறிக்கோளை ஏற்றது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இந்நோயால் முடங்கிவந்தனர்.

ஞாயிற்றுக்கிழமைச் சாவடி

இந்திய அரசு 1995ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் தீவிர போலியோ சொட்டு மருந்து முகாம்களை நடத்தத் தொடங்கியது. ஒரே நாளில் நாடெங்கும் மருந்து கொடுத்தால் நுண்ணுயிரிக்குத் தங்க இடமின்றிப் போகும் என்பதே இத்திட்டத்தின் கருத்து. நாடு தழுவிய முகாம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பணியில் ஈடுபட்டனர். அரசின் நலப்பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பெரும்பாரத்தைச் சுமந்தனர். சேவைச் சங்கத்தினர் அவர்களுக்குத் துணை நின்றனர்.

முகாமுக்கு முந்தைய நாள் சங்க உறுப்பினர்கள் ஊர்வலம் செல்வர். தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வர். பந்தல், மேசை, நாற்காலி, குடிநீர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வர். வணிகரும் மருத்துவரும் ஆசிரியரும் அன்று ஒரே சாவடியில் நின்று ஒரே வேலையைச் செய்வர். அங்குப் பதவியும் செல்வமும் பொருட்டல்ல.

சொட்டு மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் காத்தல் இன்றியமையாதது. அதனால் உறைபனிப் பைகள் அடுக்கிய சிறு பெட்டியில் அதனை எடுத்துச் செல்வர். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும், அதனுள் ஒரு வெண்ணிறச் சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் மெல்ல நிறம் மாறும். அது வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால், அம்மருந்தைக் கொடுத்தல் கூடாது. எனவே, மருந்து கொடுப்பவர் முதலில் அச்சதுரத்தை உற்றுநோக்குவார். பின்னர் இரண்டு துளி மருந்து. அதன் பின் குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மைக்குறி. மீண்டும் வரும்போது, அக்குறியே மருந்து பெற்றதற்குச் சான்று.

உத்தரப் பிரதேசத்தில் இப்பணியில் சிறுவர்களும் பங்கு கொண்டனர். 'புலாவா டோலி', அதாவது 'அழைப்புக் குழு' என்று அவர்களுக்குப் பெயர். முகாம் நாளன்று சிறுவர் கூட்டம் கூட்டமாகத் தெருக்களில் சென்று, வீடுகளில் உள்ள தம்பி தங்கையரைச் சாவடிக்கு அழைத்து வருவர். மருந்து கொடுக்கும் வயதும் பயிற்சியும் அவர்களுக்கு இல்லை. ஆயினும், எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவர்?

மூடிய கதவு

எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. இம்மருந்தைக் குடித்தால் பிற்காலத்தில் மகப்பேறு இல்லாமற்போகும் என்னும் பொய்ச்செய்தி சில இடங்களில் பரவியது. வேறு சில வீடுகளில், கதவைத் திறந்த தாய்மார் சினத்துடன் ஒரு கேள்வியைக் கேட்டனர்.

"எங்கள் தெருவில் சாக்கடை வழிகிறது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பார்க்க ஒருவரும் வருவதில்லை. இந்த இரண்டு துளி மருந்துக்கு மட்டும் இத்தனை முறை வருகிறீர்களே, ஏன்?"

இக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. தொண்டர் சினம் கொண்டு திரும்பியிருந்தால், அக்கதவு என்றும் மூடியே இருந்திருக்கும். ஆனால், பொறுமையுடன் கேட்டோர் அதனுள் ஓர் உண்மை இருப்பதை உணர்ந்தனர். மாசடைந்த சூழலில் வாழ்ந்து, வயிற்றுப்போக்கால் அடிக்கடி நலிவுற்ற குழந்தைகளின் உடலில் சொட்டு மருந்து முழுப்பயன் தருவதில்லை என்று ஆய்வாளர்களும் கண்டனர். தாயின் கேள்வியும் ஆய்வாளரின் முடிவும் ஒன்றாயின!

அதன் பின் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் விடாது நீடித்த 107 வட்டாரங்களுக்குத் தனித்திட்டம் வகுக்கப்பட்டது. சொட்டு மருந்தோடு தூய குடிநீர், கழிப்பிட வசதி, கை கழுவும் பழக்கம், வயிற்றுப்போக்குக்கு மருந்து ஆகியவையும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. ஊர்ப் பெரியோரும் சமயத் தலைவர்களும் வீடு வீடாக உடன் வந்தனர். தம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பலர் காண முதலில் மருந்து கொடுத்துக் காட்டினர். மூடிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முகவரி இல்லாத குழந்தைகள்

கதவே இல்லாத குழந்தைகளும் இருந்தனர். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஈடுபடுவோர், பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் செல்வர். இன்று ஓரிடத்தில் கூடாரம். அடுத்த மாதம் வேறு மாநிலத்தில். அவர்களின் பிள்ளைகள் எந்த ஊர்ப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. சுவரே இல்லாத இடத்தில் குறி எழுதுவது எங்கே?

ஆகவே, பணியாளர்கள் அவர்களைத் தேடிச் சென்றனர். சூளைகளையும் கட்டடப் பணியிடங்களையும் தனியே பட்டியலிட்டனர். பேருந்து நிலையங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும், ஓடும் தொடர்வண்டிகளிலும்கூட மருந்து கொடுத்தனர். பெட்டியில் ஏறி, அன்னையின் மடியில் உறங்கும் குழந்தையின் சுண்டுவிரலைப் பார்த்தனர். மைக்குறி இல்லையெனில், அங்கேயே இரண்டு துளி.

பெற்றோரின் பணி காரணமாக ஊர் மாறி வாழும் பிள்ளைகள் இதனை எளிதில் உணர்வர். புதிய ஊரில் பெயர் சொல்லி அழைப்பார் இல்லாத நாள் ஒன்று உண்டு. அந்நாளில் ஒருவர் தேடி வந்து நலம் கேட்பது எத்துணைப் பெரிய உதவி என்பதை அவர்கள் அறிவர்.

வென்ற நாள்

2009ஆம் ஆண்டு இந்தியாவில் 741 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வாண்டு அத்துணைப் பேர் பாதிக்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டு அத்தொகை 42 ஆகக் குறைந்தது. 2011ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தையை இந்நோய் தாக்கியது. இயற்கையில் பரவும் போலியோ நுண்ணுயிரியால் இந்தியாவில் நேர்ந்த இறுதி நிகழ்வு அதுவே. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது.

வெற்றிக்குப் பின்னும் முகாம்கள் நின்றுவிடவில்லை. அண்டை நாடுகளில் அந்நுண்ணுயிரி உள்ளவரை விழிப்பும் வேண்டும்.

பள்ளியிலும் தொண்டு

பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ளோருக்காக ரோட்டரியின் துணையுடன் இயங்குவது 'இன்டராக்ட்' சங்கம். முதல் சங்கம் 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் தோன்றியது. அதனையடுத்து விரைவில் அமைந்த சங்கங்களுள் ஒன்று நம் தஞ்சாவூரில் தொடங்கப்பெற்றது என்பது பெருமைக்கு உரியது. இவை தவிர, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம் எனத் தொண்டு செய்ய வழிகள் பல உள்ளன.

சங்கத்தில் சேர்வதும், சட்டையில் சின்னம் அணிவதும், ஒளிப்படம் எடுத்துக்கொள்வதும் எளியவை. ஒருமுறை உதவி செய்வதும் எளிதே. மறுக்கப்பட்ட வாசலுக்குத் திரும்பிச் சென்று, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, விடையைப் பொறுமையுடன் செவிமடுத்தலே அரிது. வகுப்பில் ஒருவரோடும் பேசாத மாணவர், தெருவில் தனித்து வாழும் முதியவர், அண்மையில் குடிவந்த குடும்பம் என விடுபட்ட வீடுகள் எங்கும் உள்ளன. அவற்றைக் கண்டறியும் கண்ணே தொண்டின் முதல் தேவை.

சொல்லும் பொருளும்

சுண்ணக்கட்டி – கரும்பலகையில் எழுத உதவும் வெண்கட்டி
பட்டறிவு – அனுபவம்
சாவடி – முகாம் நடைபெறும் சிறு பந்தல்
நலிவு – மெலிவு, தளர்ச்சி
செவிமடுத்தல் – கவனத்துடன் கேட்டல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

அறிந்துகொள்வோம்: பெயரெச்சமும் வினையெச்சமும்

'விடுபட்ட வீடு' என்னும் தொடரில் 'விடுபட்ட' என்பது முற்றுப்பெறாத சொல். அது 'வீடு' என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. எனவே, அது பெயரெச்சம். 'தேடிச் சென்றனர்' என்பதில் 'தேடி' என்பது 'சென்றனர்' என்னும் வினையைக் கொண்டு முடிகிறது. எனவே, அது வினையெச்சம்.

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. சுவரில் எழுதிய 'பி', 'எக்ஸ்' ஆகிய எழுத்துகள் எவற்றைக் குறித்தன?
2. ரோட்டரி என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. மருந்துக் குப்பியின் மேல் உள்ள சதுரம் எதனை உணர்த்துகிறது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கதவைத் திறந்த தாயின் கேள்வியில் இருந்த உண்மை யாது? அதனால் விளைந்த மாற்றம் யாது?
2. ஊர் மாறி வாழ்வோரின் குழந்தைகளைப் பணியாளர்கள் எவ்வாறு தேடிக் கண்டனர்?

இ. பெயரெச்சம், வினையெச்சம் எனப் பிரித்து எழுதுக.
மூடிய கதவு, கூடிப் பேசினார், உறங்கும் குழந்தை, உடன் வந்த பெரியோர், திரும்பிச் சென்று

ஈ. செய்து பார்ப்போம்.
உன் தெருவில் அல்லது வகுப்பில் 'விடுபட்ட வீடு' ஒன்றைக் கண்டறிக. அவர்களிடம் சென்று, அவர்களுக்கு வேண்டுவது யாது எனக் கேட்டு வருக. நீ முன்னர் எண்ணியது ஒன்று, அவர்கள் கூறியது வேறொன்று எனில், அவ்வேறுபாட்டைப் பத்துத் தொடர்களில் எழுதுக. எழுதியதை வீட்டில் உள்ள பெரியோரிடம் தமிழில் படித்துக் காட்டுக.