அத்தையைக் கணக்கில் சேர்க்காத ஏர்கோன்

எங்கள் தாமானில் ஏர்கோன் திடீரென்று நின்றுபோனால் அக்கம்பக்கத்தார் முதலில் மின் நிறுவனமான டிஎன்பியைத் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் என் கைப்பேசியைத் திட்டுகிறார்கள். விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவள் நான். வண்டி கோத்தா திங்கி சாலையை எட்டுவதற்குள் கீழறை ஏர்கோன் அணைந்துவிடும். அங்கே படுத்திருக்கும் அத்தை வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "ஏம்மா, நீ கிளம்புனா அதுவும் உன்கூடவே கிளம்பிடுதே?" என்று ஒருநாள் கேட்டார். பாதி கிண்டல், பாதி எரிச்சல்.

ஏர்கோனைக் கைப்பேசிச் செயலியோடு இணைக்கும் பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. வீட்டைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம். செயலியில் பதிந்த கைப்பேசி அந்த வட்டத்துக்குள் இருந்தால் வீட்டில் ஆள் உண்டு, வெளியே போனால் ஆள் இல்லை. அத்தையிடம் இருப்பது பட்டன் போன். நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான், அந்தக் கணக்கில் அவர் பெயரே இல்லை.

இந்த வகைக் கருவிகள் எந்த வீட்டுக்காகப் பிறந்தவை என்று யோசித்துப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883ல் காப்புரிமை வாங்கியவர் வாரன் ஜான்சன், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியர். குளிர்காலத்தில் வகுப்பறையின் சூட்டைச் சரிபார்க்க ஊழியர் அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் கெடுத்ததுதான் அவருடைய தொல்லை. அதே வம்சத்தில் 2011ல் வந்தது நெஸ்ட். வீட்டாரின் பழக்கத்தைத் தானே கற்றுக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. 2014ல் கூகுள் அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. காலையில் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், மாலையில் திரும்புவார்கள், வீடு முழுவதற்கும் ஒரே வெப்பமூட்டி இருக்கும். அதற்கு வசதியான வீடு அப்படிப்பட்டது. எங்கள் வீட்டில் கணவருக்குப் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் டியூஷனும், அத்தை எப்போதும் வீட்டில், அறைக்கு ஓர் ஏர்கோன். இங்கே நெஸ்ட்டை மாட்ட சுவரில் அதற்குரிய கம்பிகளே கிடையாது. நமக்குக் கிடைப்பவை இரண்டு: ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறிய பெட்டி, அல்லது வைஃபை உள்ளேயே பொருத்தப்பட்ட ஏர்கோன். முதலாவது மலிவு. தலைவலியும் அதில்தான் அதிகம்.

வட்டத்தின் கதையை முடித்துவிடுகிறேன். கணவருடைய கைப்பேசியையும் சேர்த்தோம். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். அவர் கைப்பேசியோ பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியைத் தூங்க வைத்துவிடும். அவர் வந்து சேர்ந்தது பெட்டிக்குத் தெரியாது. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று மாற்றிய பிறகு ஓரளவு சரியானது. திரும்பி வரும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் வேடிக்கையானது. வட்டம் தூரத்தைத்தான் அளக்கும், நேரத்தை அளக்காது. உட்லண்ட்ஸிலிருந்து கடற்பாலம் வழியாக எங்கள் ஊரான உலு திராமுக்கு வருகிறவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. குடிநுழைவு வரிசை நல்ல நாளில் ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை மாலையில் வேறு மாதிரி. புக்கிட் சாகாருக்கு எல்லை தாண்டி ஆர்டிஎஸ் ரயில் வந்தாலும் அங்கிருந்து தெப்ராவ் பக்கம் வரும் சாலை நெரிசல் அப்படியேதான் இருக்கும். ஆகவே என் வீட்டில் வட்டத்தையே எடுத்துவிட்டேன். கடற்பாலம் தாண்டி நெரிசலின் அளவு தெரிந்த பிறகு நானே செயலியில் தட்டிவிடுகிறேன். தொலைவிலிருந்து இயக்கும் வசதி உண்மையிலேயே நல்ல வசதி. அதுவாக முடிவெடுப்பதுதான் தொல்லை.

அகச்சிவப்புப் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால் 'கூட்டு' என்ற ஒரு கட்டளை மட்டும் போகும். ஏர்கோன் ரிமோட் பெரும்பாலும் அப்படி அல்ல. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வெப்பநிலை, விசிறி வேகம், கூல் மோடா டிரை மோடா என்பது, காற்று வீசும் திசை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பும். செயலியில் நான் 26 வைத்திருப்பேன். ரிமோட்டின் திரையில் நேற்றைய 22 நிற்கும். விசிறியை மட்டும் கூட்டலாம் என்று அத்தை ஒரு பட்டனை அழுத்தினால் 22ம் சேர்ந்தே போய்விடும். ஏர்கோன் பதில் பேசாது; பீப் சத்தம் நம் காதுக்கு மட்டும்தான். செயலி 26 என்றே காட்டிக்கொண்டிருக்கும். சில பழைய மாடல்களில் அடைக்கவும் திறக்கவும் ஒரே சிக்னல். அவற்றில் 'அணை' என்று செயலி அனுப்பியது, அணைந்திருந்த ஏர்கோனைத் திறந்துவிடும்.

இதற்கு ரிமோட்டை ஒளித்து வைப்பது தீர்வாகாது. வீட்டுக்குள் சண்டைதான் வரும். ரிமோட்டைச் சுவரில் ஒரு தாங்கியில் மாட்டி, அது இருக்கும் அறையில் அதுதான் பெரியது என்று ஏற்றுக்கொள்வதே நல்லது. செயலி வெளியூரில் இருப்பவருக்கு. ரிமோட் போட்ட கட்டளையைக் கவனித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பெட்டிகளும் கடையில் உண்டு. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். வைஃபை உள்ளேயே உள்ள ஏர்கோனில் இந்தக் குழப்பம் இல்லை, அதன் உண்மை நிலை அதற்கே தெரியும். புதிதாக ஏர்கோன் மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் பெட்டியை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

பெட்டிக்குப் பதிலாக மலிவான ஸ்மார்ட் பிளக்கில் ஏர்கோனைச் செருகிவிடலாமே என்று தாமானில் பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் மின்சாரத்தைத் திடுமென வெட்டிவிடுவது அதற்கு நல்லதல்ல. ஏர்கோன் இழுக்கும் மின்னோட்டத்தை மணிக்கணக்கில் தாங்கும் உத்தரவாதமும் அந்தச் சின்னப் பிளக்குக்கு இல்லை.

அடுத்தது பெட்டியை எங்கே வைப்பது என்பது. அகச்சிவப்பு ஒளிக்கு ஏர்கோன் நேராகத் தெரிய வேண்டும். வெப்பமானிக்கோ ஆள் படுத்திருக்கும் உயரத்தில், குளிர்காற்று நேராக அடிக்காத, வெயில் படாத இடம் வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலையையும் திணித்துவிட்டார்கள். எங்கள் பெட்டி முதலில் ரௌட்டர் பக்கத்தில் டிவி அலமாரியில் இருந்தது. ரௌட்டரின் சூட்டை அறையின் சூடு என்று நம்பி ஏர்கோனை விரட்டிக்கொண்டே இருந்தது. ஏர்கோனின் சொந்த வெப்பமானியும் நமக்கு உதவாது. கூரை ஓரத்தில் உள்ளே திரும்பி வரும் காற்றைத்தான் அது அளக்கிறது. செயலியோடு இணையும் தனி வெப்பமானி ஒன்று வாங்கிக் கட்டில் தலைமாட்டில் வைத்த பிறகுதான் எண்கள் உடம்போடு ஒத்துப்போயின. ஈரப்பதத்தையும் காட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏனென்றால் உலு திராமில் ஆளை வாட்டுவது புழுக்கம். நில நடுக்கோட்டுக்கு இரண்டு பாகைகூடத் தள்ளாத ஊர், சுற்றிலும் செம்பனை. வடகிழக்குப் பருவக்காற்று மழை பிடித்துக்கொண்டால் இரவில் அறை தானாகவே 25க்கு இறங்கிவிடும். வெப்பநிலையை மட்டும் பார்க்கும் பெட்டி, 'போதும், குளிர்ந்துவிட்டது' என்று ஏர்கோனை அணைத்துவிடும். படுக்கை விரிப்பு ஈரம் பூத்ததுபோல் ஒட்டும். 25 என்று காட்டும் எண்ணை நம்புவதா, முதுகை நம்புவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டு கிடப்போம். குளிர்சுருள் குளிர்ந்திருந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து சொட்டினால்தான் அறை காயும். கம்ப்ரசர் நின்றாலோ மெதுவானாலோ ஈரம் வெளியேறுவதும் நின்றோ குறைந்தோ போகும். இன்வெர்ட்டர் ஏர்கோன் அறைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தாலும் இதே கதைதான்: சீக்கிரம் குளிர்ந்து, சீக்கிரம் சோம்பி, அறையைச் சில்லென்றும் ஈரமாகவும் விட்டுவிடும். பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணி ஒன்றரை குதிரைத்திறன் மாட்டிய சின்ன அறைகள் தாமானில் நிறைய.

குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான மலேசியத் தரவிதி எம்எஸ் 1525, 24 முதல் 26 பாகை என்று சொல்வதோடு ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு என்றும் சொல்கிறது. முதல் பாதிதான் ஊரெங்கும் பரவியது. என் செயலியில் இப்போது விதி இப்படி: தலைமாட்டு வெப்பமானியில் ஈரப்பதம் 70ஐத் தாண்டினால் டிரை மோட், தாண்டாவிட்டால் 26ல் கூல் மோட், கூரை விசிறி இரண்டிலும் மெதுவாக. இந்த ஒரு விதிக்காகப் பெட்டி வாங்கியதை மன்னித்துவிட்டேன்.

மேற்குப் பார்த்த அறைக்கு எந்த விதியும் செல்லவில்லை. மதியம் முழுக்க வெயில் குடித்த செங்கல் சுவர், இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். அறைக் காற்று கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், சுவர் குளிராது. செயலியில் 24ஐ 20 ஆக்கினால் கம்ப்ரசர் நீண்ட நேரம் உழைக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குச் சர்வீஸ் செய்ய வரும் தம்பி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "அக்கா, நம்பர குறைக்கிறத விட்டுட்டு வெளிய ஒரு பம்பு திரை மாட்டுங்க, ஃபில்டர மாசத்துக்கு ஒருதடவை கழுவுங்க." மூங்கில் திரையை ஜன்னலுக்கு வெளியே மாட்டினோம். வெயில் கண்ணாடிக்குள் வந்த பிறகு உள்திரை போட்டு என்ன பயன்? ஃபில்டர் கழுவச் சொல்லி மாதம் ஒருமுறை நினைவூட்டுவதைச் செயலி ஒழுங்காகச் செய்கிறது. அதன் அறிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

பில் விஷயத்துக்கு வருவோம். பெட்டியின் அட்டையில் சேமிப்பு விழுக்காடு பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்புமுன் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். டிஎன்பி 2025 ஜூலை 1 முதல் கட்டண முறையை மாற்றியது. மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், அதன்மேல் திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடு விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம்; அப்போது எரிசக்திக் கட்டணம் வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென், மற்ற நேரமும் வார இறுதியும் 24.43 சென். இதைக் காட்டித்தான் 'மதியத்துக்கு முன்பே அறையைக் குளிர வைத்துவிடுங்கள்' என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 4.09 சென். தினமும் மூன்று யூனிட்டை நேரம் மாற்றினால் 12 சென், வேலை நாட்கள் 22 என்று வைத்தால் மாதம் 2 வெள்ளி 70 சென். அதற்காக, சுவர் சுடும் மதியத்தில் கரைந்துபோகும் குளிரைக் காலையிலேயே வாங்கி வைப்பதா?

ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. சாதாரணக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் நேரவாரி முறையில் உச்ச நேர யூனிட்டுக்கு 1.49 சென் கூடுதல், மற்ற நேரத்தில் 2.60 சென் குறைவு. இரவு பத்துக்கு மேல் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கு, எதையும் நேரம் மாற்றாமலேயே லாபம். கருவி எதுவும் தேவையில்லை, டிஎன்பியிடம் விண்ணப்பித்தால் போதும். மாதம் 1,000 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கத்தொகையாகத் தள்ளுபடியும் உண்டு, பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான தள்ளுபடி கூடும். ஏர்கோன் வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரையைப் பார்ப்பது, எந்தச் செயலியையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

இனி, இது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. என் சோபாவிலிருந்து நான்கடி தள்ளியிருக்கும் ஏர்கோனுக்குப் போகும் கட்டளை, எந்த நாட்டிலோ இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. இடி மின்னலுக்கு ஜொகூர் பெயர்போனது. மாலை இடியில் இணையம் போனால் செயலி வெறும் படம். 2016 ஜனவரியில் ஒரு மென்பொருள் பிழையால் நெஸ்ட்டின் பேட்டரி தீர்ந்து, நடுக்குளிரில் பல அமெரிக்க வீடுகள் குளிர்ந்துபோயின. 2021 கோடையில் டெக்சாஸில், சேமிப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டதையே மறந்துவிட்ட சிலர், தங்கள் வீட்டு வெப்பநிலையை வெளியிலிருந்து யாரோ ஏற்றிவிட்டதைக் கண்டு திகைத்தார்கள். 2011, 2012ல் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட்டுகளுக்கு 2025 அக்டோபர் 25 முதல் கூகுள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் வேலை செய்யும், கைப்பேசியிலிருந்து இயக்க முடியாது. பெரிய நிறுவனத்துக்கே இது என்றால், இணையக் கடையில் பெயர் தெரியாத ஒரு பெட்டியை வாங்குகிறவர், அதன் செயலி எத்தனை வருடம் உயிரோடிருக்கும் என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள் இயங்குமா என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் வந்தால் ஏர்கோன் தானே தொடருமா, அணைந்தே இருக்குமா என்பதையும் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள். பூட்டிய வீட்டில் நாள் முழுக்க ஓடிய ஏர்கோன் கதைகள் எங்கள் வரிசை வீடுகளிலேயே உண்டு.

பொருத்தும் நாளில் வரும் வம்பு ஒன்று. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். இப்போதைய ரௌட்டர்கள் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் கலந்து கொடுப்பதால், 5ல் நிற்கும் கைப்பேசியும் பெட்டியும் ஒன்றையொன்று காணாமல் தவிக்கும். ரௌட்டர் அமைப்பில் 5ஐச் சற்று நேரம் அணைத்து, பெட்டியைச் சேர்த்துவிட்டு மறுபடி திறந்தால் முடிந்தது. பின்னாளில் இணைய நிறுவனத்தை மாற்றினாலோ, மின்னலுக்கு ரௌட்டர் பலியானாலோ, புதிய ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்துவிடுங்கள். பெட்டி, வெப்பமானி, ஏர்கோன் எல்லாம் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றின் பட்டனையும் ஊசியால் குத்த வேண்டியதில்லை.