புளி போட்டுத் துலக்காதீர்கள்

வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு உங்களிடம் இருக்கிறதா, பத்து லட்சம் தருகிறோம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. வருடம் மாறும், லட்சத்தின் எண்ணிக்கை மாறும், காசு மட்டும் அதே காசுதான். வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் 25ஆம் ஆண்டையொட்டி 2012ல் புழக்கத்துக்கென்றே அடித்துவிட்ட காசு அது. காய்கறிக்காரர் தரும் சில்லறையிலேயே கைக்கு வரும். அண்ணா நூற்றாண்டுக்கு 2009ல் அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாயும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010ல் வந்த 5 ரூபாயும் இதே ரகம். சேர்த்து வைக்க அழகானவை, லட்சத்துக்கு விலைபோகாதவை.

அந்த விளம்பரக்காரர்கள் காசை வாங்கவே மாட்டார்கள். ‘பதிவுக் கட்டணம்’, ‘ஜிஎஸ்டி’, ‘ரிசர்வ் வங்கி அனுமதி’ என்று உங்களிடமிருந்துதான் கறப்பார்கள். பழைய நோட்டையும் நாணயத்தையும் வாங்கி விற்க எங்கள் பெயரில் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை, இதற்காக நாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதன் பிறகும் செய்தி சுற்றத்தான் செய்கிறது.

காசு சேகரிப்பைப் பற்றி நம்மிடையே உலவும் தப்பான நம்பிக்கைகளில் பாதிக்கு மேல், காசை லாட்டரிச் சீட்டாகப் பார்ப்பதில் பிறந்தவை. ஏமாறுவது ஒரு நஷ்டம். அந்த ஆசையில் நல்ல காசையே பாழாக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய நஷ்டம் என்பேன்.

“இருநூறு வருஷத்துக் காசு, விலை சும்மாவா?”

பல சமயம் சும்மாதான். 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னை மாகாணத்தின் புழக்கத்துக்காக பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த செப்புக் காசுகள் அதில் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. 10 காசு, 20 காசு மதிப்பு, 1808 என்று ஆண்டு. சென்னைக்கு வந்து சேர வேண்டியவை கடலடியில் கிடந்து, 1980களில் லட்சக்கணக்கில் மேலே வந்தன. வயது இருநூறைத் தாண்டியும் அவை அரிய காசுகள் ஆகவில்லை. குவியலாகக் கிடைத்தால் விலை எப்படி ஏறும்?

இன்னும் பின்னால் போகலாம். ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். (சோழன் காசில் தமிழ் இல்லையா என்று முகம் வாடுபவர்கள் உண்டு. என்ன செய்ய, இருப்பது அதுதான்.) ஆயிரம் வருடத்துக் காசு. ஆனால் அத்தனை அடித்திருக்கிறார்கள், அத்தனை கிடைத்திருக்கிறது. தேய்ந்த காசு ஒன்றைக் கல்லூரி மாணவன்கூடக் கைக்காசில் வாங்கிவிடலாம்.

இதற்கு நேர்மாறான கதை 1911 வெள்ளி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் சிறிதாக ஒரு யானை உண்டு. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டதால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. சர்ச்சை கிளம்பவே வெளியே விடுவதை நிறுத்தி, மீதியில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912ல் யானையைத் திருத்தினார்கள். அதே மன்னர், அதே வெள்ளி, ஒரே ஒரு வருட வித்தியாசம். ஆனால் ‘பன்றி ரூபாய்’ பின்னதைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. வயதுக்கு அதில் தனிச் சலுகை கிடையாது.

“ராமர் பட்டாபிஷேகக் காசு, கம்பெனியார் அடித்தது”

ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘ஹாஃப் அணா’, கூடவே பொருள் விளங்காத ‘யுகேஎல்’ என்ற மூன்று எழுத்து. ஆண்டு 1818 என்றிருக்கும். சிலவற்றில் 1717, சிலவற்றில் 1616 என்றுகூட உண்டு! சென்னைப்பட்டினத்தில் கோட்டை கட்டக் கம்பெனிக்கு இடம் கிடைத்ததே 1639ல். இந்தியாவில் தன் ஆட்சி நடந்த பகுதிகளுக்கெல்லாம் ஒரே மாதிரிக் காசைக் கம்பெனி கொண்டுவந்தது 1835ல். அந்த வருடத்து அசல் காலணாவில் கம்பெனியின் சிங்க முத்திரை இருக்கும், சாமி இருக்காது. ராமர் காசு பின்னாளில் யாரோ பட்டறையில் அடித்த வில்லை.

சாமி படத்தோடு கம்பெனி காசே அடிக்கவில்லையா என்றால், அடித்தது. சென்னையில் வெளியிட்ட தங்க வராகன்களில் திருமால் உருவம் உண்டு. ‘மூன்று சுவாமி வராகன்’ என்பதில் பெருமாள் இரு தேவியரோடு நிற்பார். அது மிளகைவிடச் சற்றே பெரிய தங்கத் துண்டு, அதில் ஆங்கில வாசகம் ஏதும் கிடையாது. ராமர் உருவம் பொறித்த ‘ராமடங்கா’ என்ற கோயில் வில்லைகளும் உண்டு. பூஜையில் வைப்பதற்கானவை, பணமாகப் புழங்கியவை அல்ல. உங்கள் வீட்டுப் பூஜையறையில் இருந்தால் இருக்கட்டும். கம்பெனிக் காசு என்று விலை பேசும்போதுதான் பொய் ஆரம்பிக்கிறது.

சாமிக் காசு ஒன்று சேகரிப்பில் வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு புதுக்கோட்டை அம்மன் காசு. சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. சுண்டுவிரல் நகத்தில் நிற்கும் அளவு, விலையும் கையைக் கடிக்காது.

இதே கம்பெனிப் பெயரில்தான் ‘ரைஸ் புல்லிங்’ மோசடியும் நடக்கிறது. காசில் இரிடியம் கலந்திருக்கிறது, அரிசியை இழுக்கும், நாசா கோடிக்கு வாங்கும் என்பார்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது, அரிசியும் ஒட்டாது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காந்தத்தை மறைத்து வைத்து வித்தை காட்டிவிட்டு ‘டெஸ்டிங்’ செலவுக்கு என்று பணம் கேட்பார்கள். ஊருக்கு ஊர் வழக்குப் பதிவாகியும் இந்தக் கூத்து நின்றபாடில்லை.

“பளபளவென்று இருந்தால்தானே மதிப்பு?”

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்தது இந்த நம்பிக்கை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து காசு வெளியே வந்ததும் நேரே சமையலறைக்குப் போகிறது. செம்புக்குப் புளி அல்லது எலுமிச்சை, வெள்ளிக்கு விபூதி, கொஞ்சம் நவீனமானவர் என்றால் பித்தளை பாலிஷ். குத்துவிளக்குக்கு இதெல்லாம் சரி. காசுக்கு ஆகாது.

செம்பின் மேல் பல பத்து வருடங்களில் படிந்த பழுப்பு, அழுக்கு அன்று. உலோகமே காற்றோடு கூடி உண்டாக்கிய மெல்லிய படலம் அது. அடியிலிருக்கும் செம்பை அதுதான் காக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. துலக்கிய ஒரு விக்டோரியா காலணாவை லென்ஸின் கீழ் வைத்துப் பாருங்கள். பச்சைப் புண் மாதிரி இளஞ்சிவப்பு நிறம். இழை இழையாக இருந்த ராணியின் கூந்தல் ஒன்றோடொன்று மழுங்கி, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டியிருக்கும். தேய்த்த திசையில் மயிரிழைக் கீறல்கள். சில வாரத்தில் நிறம் திட்டுத் திட்டாக மாறும். வியாபாரி அதைச் சாய்த்துப் பார்த்த மறுகணமே தட்டில் திருப்பி வைத்துவிடுவார். விபூதி தேய்த்த வெள்ளியும் அப்படித்தான். வெள்ளியின் கறுப்பு கந்தகத்தால் வருவது. அதை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்து போகிறது.

அழுக்கே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். மண் ஒட்டியிருந்தால் வாலைவடி நீரில் ஊறவைத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கும் பிளாஸ்டிக் கவர் விட்ட பசைக்கும் சுத்த அசிட்டோன் போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. நெருப்புப் பக்கத்தில் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

களிம்பு எல்லாம் ஒன்றில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கரும்பச்சையாக, வழவழவென்று, நகத்துக்கு அசையாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதை ரசித்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வந்தால் அது நோய். உலோகத்துக்குள் புகுந்த உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்கின்றன. கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். அந்தக் காசை உடனே தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அதற்கு மேலான வைத்தியம் தெரிந்தவர் கையில்தான்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நாம் வாங்கித் தரும் உறையே பல காசுகளுக்கு எமன். மொழுமொழுவென்று மடங்கும், புது ரெக்ஸின் வாடை அடிக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசி. வருடம் செல்லச் செல்ல அதிலிருந்து பசை கசிந்து காசில் பச்சையாகப் படியும். அட்டைச் சட்டத்தில் மைலார் ஒட்டிய உறைகள் கடைகளில் கிடைக்கின்றன, அவை தேவலை. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளிக்கு ஆகாது. காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். விரல் வியர்வையிலும் உப்புதான்.

“பழைய ரூபாய் எல்லாம் சுத்த வெள்ளி”

இல்லை. விக்டோரியா காலத்திலிருந்து இரண்டாம் உலகப் போர் தொடங்கும்வரை வந்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, எடை 11.66 கிராம். போர்க்காலத்தில் 1940லிருந்து அது பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாய் முழுக்க நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். சுண்டிவிட்டு ஓசை கேட்பதைவிடச் சிறு டிஜிட்டல் தராசு நம்பகமானது. போலி ரூபாய்களில் பல எடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

காசில் உள்ள ஆண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1862 என்று போட்ட ரூபாயை 1874 வரை அதே ஆண்டோடு அடித்தார்கள். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அபூர்வம் என்பதும் கதைதான். அது ஹைதராபாத் நாணயச் சாலையின் அடையாளம். மும்பைக்கு வைரக் கட்டம், நொய்டாவுக்குப் புள்ளி.

“மண்ணில் கிடைத்தது எனக்கே சொந்தம்”

பழைய காசை வைத்திருப்பது குற்றம் என்று பயப்படுபவர்களும் உண்டு, புதையல் கிடைத்தால் சத்தமில்லாமல் விற்றுவிடலாம் என்பவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. சேகரிக்கத் தடையில்லை. ஆனால் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சேர வேண்டியதற்கு அதிலேயே வழி இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் சட்டம் தடை.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1898ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல், அரசர் தலையின் குறுக்கே, உளி வெட்டு. சேதமான காசு என்று யாரும் ஒதுக்கவில்லை. இங்கே வந்த ரோமானியப் பணத்தை என்ன நோக்கத்தோடு இப்படி வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள் என்றால், காசுகள் ஒன்றாகக் கிடைத்து, ஊரும் பதிவானதுதான் காரணம். கரூர் அமராவதி ஆற்று மணலில் சலித்தெடுத்த சங்ககாலச் சேரர் காசுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாக்கோதை என்று பெயர் பொறித்த காசு கையில் இருந்தும், எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்று தெரியாததால் காலம் கணிக்கத் திணற வேண்டியிருக்கிறது.

வீட்டுக் காசுக்கும் இது பொருந்தும். யாருடைய பெட்டியில் இருந்தது, எந்த ஊர், எப்போது வந்தது, எடை என்ன என்று உறையின் அட்டையில் பென்சிலால் எழுதிவிட்டுப் பிறகு காசை உள்ளே போடுங்கள். உள்ளே போட்ட பின் எழுதினால் அழுத்தம் காசில் விழும்.