இன்னும் கழுத்து நிக்கலையா? காத்திருக்க வேண்டாம்!



"பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிக்கலையே" என்று தாய் கவலைப்படுவாள். "இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான், தானா சரியாயிடும்" என்பார் பாட்டி. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிடும். மூளை வேகமாக வளரும் வருஷங்கள் அவை. போனால் திரும்பி வராது.

கவனியுங்கள்:

1. 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
2. 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை.
3. 6 மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை.
4. 9 மாதமாகியும் தானாக உட்காரவில்லை.
5. 18 மாதமாகியும் நடக்கவில்லை.

இதில் ஒன்று இருந்தாலே ஊனம் என்று அர்த்தமல்ல. ஆனால் உடனே காட்ட வேண்டும்.

யாரிடம் காட்டுவது? உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்தில் 2 முறை வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். எந்த டாக்டரை முதலில் பார்ப்பது, மறுபடி எப்போது வருவது என்று குழப்பமா? மைய மேலாளரைக் கேளுங்கள். வழி காட்டுவது அவர் வேலை. அடையாள அட்டை, உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் சொல்வார்.

மையத்தில் பயிற்சி சிறிது நேரந்தான். மீதி உங்கள் வீட்டில். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். இது தாயின் குற்றமல்ல. கிரகணமும் சாபமும் காரணமல்ல.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே காட்டுங்கள்!